உழைப்பவர் உள்ளம் அறிந்த முதலாளி: ஜாம்ஷெட்ஜி டாட்டா

ஆலை அதிபர்களின் வரலாறு பெரும்பாலும் இலாபக் கணக்காகவே எழுதப்படுகிறது. எவ்வளவு முதலிட்டார், எவ்வளவு சேர்த்தார், எவ்வளவு அறம் செய்தார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கூறியதும் நூல் முடிந்துவிடும். அவருடைய ஆலையில் காலைச் சங்கு ஒலித்ததும் உள்ளே சென்றவர்கள் எந்தக் காற்றைச் சுவாசித்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், மறுநாள் மனமுவந்து வந்தார்களா, அன்றி வயிற்றுக் கொடுமையால் வந்தார்களா என்று கேட்பவர் சிலரே. ஜாம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டாவின் வாழ்க்கையை இக்கேள்விகளோடு அணுகுவது பொருத்தம் என எண்ணுகிறோம். அவர் தாமே இவற்றைக் கேட்டுக்கொண்ட முதலாளிகளுள் ஒருவர். மேலும், ஊதியத்தின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து, ஆலையும் அலுவலகமும் கட்டித் தந்த காலனி வீடுகளில் குடியிருக்கும் நமக்கு இஃது அயலார் கதையன்று.

இளமையும் முதல் அடியும்

குஜராத்திலுள்ள நவ்ஸாரி என்னும் சிற்றூரில் 1839 மார்ச் 3-ஆம் நாள் ஜாம்ஷெட்ஜி பிறந்தார். பார்ஸி சமயத்தின் குருமார் குடும்பம் அது. தந்தையார் நஸர்வான்ஜி, தலைமுறை தலைமுறையாக வந்த புரோகிதத் தொழிலை விட்டுப் பம்பாய்க்கு வந்து வாணிகத்தில் இறங்கியவர். மகன் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858-இல் தேறினார். மறு ஆண்டே தந்தையின் வாணிகத்துக்காக ஹாங்காங் சென்றார்.

அக்காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்துக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது தடைப்பட, இந்தியப் பஞ்சின் விலை வானளாவ ஏறிற்று. பம்பாயில் நேற்றுவரை எளிய நிலையில் இருந்தவரெல்லாம் இலட்சாதிபதிகளாயினர். 1865-இல் போர் முடிந்ததும் அச்செல்வம் ஒரே வீச்சில் சரிந்தது. அப்போது இங்கிலாந்தில் இருந்த ஜாம்ஷெட்ஜி, கையிலிருந்த உண்டியல்கள் வெறும் காகிதமாகிவிட்டதைக் கண்டார். கடன் கொடுத்தவர்களைச் சந்திக்க அவர் அஞ்சவில்லை. நிலைமையை மறைக்காமல் எடுத்துரைத்தார். அவருடைய நேர்மையைக் கண்டவர்கள் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தனர். செல்வம் ஒரு நாளில் வரும், ஒரு நாளில் போகும் என்பதை இருபத்தாறு வயதிலேயே கண்கூடாகக் கண்டவர் அவர்.

1868-இல் ரூபாய் 21,000 முதலோடு தமக்கென ஒரு வாணிக நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, பம்பாய் சிஞ்ச்போக்லியில் நொடித்துப் போயிருந்த ஓர் எண்ணெய் ஆலையை வாங்கி நூலாலையாக மாற்றினார். இரண்டு ஆண்டுகளில் அதை நல்ல விலைக்கு விற்றார். பின்னர் லங்காஷயர் சென்று, பஞ்சாலைத் தொழிலின் நுட்பங்களை நேரில் ஆராய்ந்தார்.

நாகபுரியில் ஓர் ஆலை

ஆலை என்றால் பம்பாய்தான் என்று எல்லோரும் கருதிய காலத்தில், ஜாம்ஷெட்ஜி நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். பருத்தி விளையும் கரிசல் நிலம் அருகே இருந்தது. 1867-இலேயே இருப்புப்பாதை அங்கு வந்துவிட்டது. நிலக்கரியும் தொலைவில் இல்லை. 1874-இல் ரூபாய் 15 இலட்சம் முதலோடு கம்பெனி அமைந்தது. சதுப்பு நிலம் ஒன்றை வாங்கி, மண் கொட்டி நிரப்பி, அதன்மேல் ஆலை எழுப்பலாயினர். பொன்னை மண்ணில் புதைக்கிறார் இம்மனிதர் என்று கருதி, உள்ளூர் மார்வாரி ஒருவர் கடன் தர மறுத்தார் என்பர். 1877 ஜனவரி 1-ஆம் நாள், விக்டோரியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவிக்கப்பட்ட அதே நாளில், ஆலை திறக்கப்பட்டது. ஆகவே அதற்கு எம்பிரஸ் மில் என்று பெயராயிற்று. ரெயில்வே அலுவலகத்தில் பணியாற்றிய பெஸன்ஜி தாதாபாய் மேத்தாவை நிர்வாகியாகவும், ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்ற ஆங்கிலேயரைத் தொழில்நுட்பத் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுத்தார்.

தொடக்கம் இனிதாக இல்லை. செலவைக் குறைக்க எண்ணி வாங்கிய இயந்திரங்கள் தரமற்றவையாக இருந்தன. நூல் கரடுமுரடாக வந்தது. அது மட்டுமன்று. ஆலை திறந்த அதே 1877-இல் கூலி விகிதம் பற்றி நெசவாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இந்திய ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களுள் ஏட்டில் ஏறிய மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. தொழிலாளர் நலத்துக்குப் பெயர் பெற்ற ஓர் ஆலையின் வரலாறு கூலித் தகராறோடு தொடங்குகிறது என்பது நாம் மறக்கக் கூடாத செய்தி.

மற்றொரு தொல்லையும் இருந்தது. ஆட்கள் ஒழுங்காக வேலைக்கு வரவில்லை. இன்று வந்தவன் நாளை வரமாட்டான். மழை பெய்தால் விதைக்கப் போய்விடுவான். அறுவடை வந்தால் ஊருக்குப் போய்விடுவான். கலியாணம், திருவிழா என்றாலும் அப்படியே. கதிர்கள் ஆளின்றி நிற்கும். நாகபுரி மக்கள் சோம்பேறிகள் என்று பழி கூறுவது நிர்வாகத்துக்கு எளிது. அபராதம் விதிப்பது அதனினும் எளிது. அக்காலத்து ஆலைகள் பலவற்றின் வழக்கமும் அதுவே.

குறை ஆளிடமா, ஆலையிடமா?

அன்றைய ஆலை வாழ்க்கை எத்தகையது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். மின்விளக்கு வராத காலம் அது. கதிரவன் எழும்போது இயந்திரம் ஓடத் தொடங்கும். கதிரவன் சாயும்போதுதான் நிற்கும். கோடையில் பகல் நீளமாதலால் வேலையும் நீளும். வயது வந்த ஆடவருக்கு வேலை நேர வரம்பு என்பதே சட்டத்தில் இல்லை. 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று விதித்தது. வார விடுமுறையும் வழக்கில் இல்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டி, 1884 முதல் அதற்காகப் போராடி, 1890-இல்தான் ஆலை அதிபர்களை அதற்கு இணங்கச் செய்தார். ஓய்வு நாளே இல்லாத இடத்தில், வராமல் இருப்பது ஒன்றே தொழிலாளி தனக்குத் தானே அளித்துக்கொள்ளும் ஓய்வு. அதைச் சோம்பல் என்று அழைத்தவர்கள் பஞ்சுத் தூசியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்த்தவர்கள் அல்லர்.

ஜாம்ஷெட்ஜியின் சிறப்பு இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. நூல் சரியில்லை என்றபோது அவர் இயந்திரத்தை ஆராய்ந்தார். பழையவற்றை நீக்கிப் புதியவற்றை வருவித்தார். லங்காஷயரே தயங்கிய வளையக் கதிர் முறையை நாகபுரியில் சோதித்துப் பார்த்து, விளைச்சல் பெருகக் கண்டு மேற்கொண்டார். ஆட்கள் வரவில்லை என்றபோதும் அதே முறையைத்தான் கையாண்டார். ஆளைத் தண்டிக்குமுன் அவன் நிற்கும் இடத்தை ஆராய்ந்தார்.

நாகபுரியின் கோடை கொடியது, காற்று வறண்டது. வறண்ட காற்றில் பஞ்சு நூல் அடிக்கடி அறும். நூல் அறுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் துணி குறையும். அளவுக்குக் கூலி பெறும் நெசவாளியின் வருவாயும் குறையும். எனவே, ஆலைக்குள் காற்றோட்டத்துக்கும், காற்றுக்கு ஈரப்பதம் ஊட்டும் கருவிகளுக்கும் அவர் ஏற்பாடு செய்தார். பஞ்சு எளிதில் தீப்பற்றும் பொருளாதலால், தீ எழுந்தால் தானே நீர் தெளிக்கும் அமைப்பையும் பொருத்தினார். இந்திய ஆலைகளில் இவ்விரண்டுக்கும் எம்பிரஸ் மில்லே வழிகாட்டி. இவை தொழிலாளிக்கு இட்ட பிச்சையல்ல. ஈரக் காற்றால் நூலும் அறுவது குறைந்தது, நெசவாளியின் கூலியும் அறுவது குறைந்தது. முதலாளியின் நலமும் தொழிலாளியின் நலமும் ஒரே குழாயில் வந்தன என்று சொல்லலாம்.

அடுத்து, உடலைவிட உள்ளத்தை அரிக்கும் கவலைகள். கை இயந்திரத்தில் சிக்கினால் குடும்பத்தின் கதி என்ன? கண் மங்கி, கை தளர்ந்தபின் யார் சோறு போடுவார்கள்? இக்கேள்விகளைச் சுமந்துகொண்டு நிற்பவன் முழு மனத்தோடு உழைக்க இயலாது. நிலத்தை நம்பியவனுக்கு முதுமையிலும் நிலம் இருக்கும். ஆலையை நம்பியவனுக்கு என்ன இருக்கும் என்ற ஐயமே அவனை மீண்டும் மீண்டும் ஊருக்கு இழுத்திருக்க வேண்டும். எம்பிரஸ் மில் 1886-இல் ஓய்வுகால நிதி ஒன்றைத் தொடங்கிற்று. 1895-இல் விபத்துக்கு நஷ்டஈடு வழங்கத் தொடங்கிற்று. விபத்து நஷ்டஈட்டுக்கு இந்தியாவில் சட்டம் வந்தது 1923-இல். வைப்பு நிதிக்குச் சட்டம் வந்தது 1952-இல். சட்டம் கட்டளையிடுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பும், இரண்டு தலைமுறைகளுக்கு முன்பும் ஓர் ஆலை தானே முன்வந்து இவற்றைச் செய்தது.

இவற்றோடு, ஒழுங்காக வருவோரைப் பாராட்டும் வழக்கமும் ஏற்பட்டது. குடும்பத்தோடு கூடும் விழாக்களும் விளையாட்டுப் போட்டிகளும் நடைபெற்றன. கடிகாரம், பொற்சங்கிலி, பணமுடிப்பு ஆகியவை பரிசுகளாக வழங்கப்பெற்றன. வராதவனிடம் அபராதம் பிடுங்குவதைவிட, வருபவனை ஊரறியப் பெருமைப்படுத்துவது பயன் தரும் என்பது நிர்வாகத்தின் துணிபு. மனைவி மக்கள் முன்னிலையில் ஒருவன் பரிசு பெறும்போது, ஆலை அவனுக்குச் சொந்த ஊரின் ஒரு பகுதியாகிவிடுகிறது. படித்த இளைஞர்களைப் பயிற்சியாளர்களாகச் சேர்த்து, தொழிலை அடிமுதல் கற்பித்து உயர்பதவிகளுக்கு ஆயத்தம் செய்யும் முறையும் அங்கு வழங்கிற்று. உயர்வதற்கு ஏணி உண்டு என்று அறிந்தவன் அடிப்படியிலும் உற்சாகமாக உழைப்பான் அன்றோ?

பலன் விரைவில் தெரிந்தது. எம்பிரஸ் மில் நாட்டின் தலைசிறந்த பஞ்சாலைகளுள் ஒன்றாயிற்று. பங்குதாரர்களுக்கு ஆதாயம் குறைவின்றிக் கிடைத்தது. நூறாண்டுக்கு மேல் அந்த ஆலை ஓடிற்று.

சுதேசி மில் கற்பித்த பாடம்

1886-இல் பம்பாய்க்கு அருகே குர்லாவில் நலிந்து கிடந்த தரம்ஸி மில்லை ரூபாய் 12½ இலட்சத்துக்கு வாங்கி, சுதேசி மில் என்று பெயரிட்டார். மலிவு என்று எண்ணி வாங்கியது பெரும் சுமையாயிற்று. இயந்திரங்கள் பழுதுபட்டவை, சரக்கின் பெயர் கெட்டிருந்தது. பங்கின் விலை சரிந்தது. ஜாம்ஷெட்ஜி தம் சொந்தப் பணத்தையும், நாகபுரியில் பயிற்சி பெற்ற ஆட்களையும் இவ்வாலையில் இறக்கினார். ஆண்டுகள் சில சென்றபின் ஆலை நிமிர்ந்தது. நெருக்கடியில் கைகொடுத்தது வங்கியைவிட, ஒன்பது ஆண்டுகளாக நாகபுரியில் உருவாகியிருந்த மனிதத் திறனே. தேர்ந்த தொழிலாளி ஒருவனை இழந்தால் அடுத்த நாளே மற்றொருவனைச் சந்தையில் வாங்கிவிடலாம் என்று கருதும் நிர்வாகங்கள் இதை எண்ணிப் பார்க்கத் தக்கன.

காணாத நகரத்துக்கு ஒரு திட்டம்

பிற்காலத்தில் அவர் மனம் மூன்று பெருங்கனவுகளில் ஈடுபட்டது. அவை இரும்பு எஃகு ஆலை, நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம், உயர் அறிவியல் ஆராய்ச்சிக்கு ஒரு கழகம் என்பன. மூன்றையும் அவர் கண்ணாற் காணவில்லை. 1904 மே 19-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள பாட் நௌஹைம் நகரில் அவர் காலமானார். பெங்களூர் அறிவியற் கழகம் 1909-இல் நிறுவப்பெற்றது. எஃகுக் கம்பெனி 1907-இல் தோன்றி, 1912-இல் எஃகை உருக்கி வார்த்தது. நீர்மின்சாரம் 1915-இல் பம்பாய்க்கு வந்தது.

எஃகு ஆலைக்கு இடம் கூடத் தேர்ந்தெடுக்கப்படாத 1902-இலேயே, தம் மகன் தோராப்ஜிக்கு அவர் எழுதிய கடிதம் புகழ் பெற்றது. தொழிலாளர் வாழப்போகும் நகரத்தைப் பற்றியது அது. வீதிகள் அகலமாக இருக்க வேண்டும். விரைந்து வளரும் நிழல் மரங்களை இருமருங்கும் நட வேண்டும். புல்வெளிக்கும் தோட்டங்களுக்கும் நிறைய இடம் விட வேண்டும். கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பெரிய மைதானங்கள் வேண்டும். இந்துக்களின் கோயில்களுக்கும், முஸ்லிம்களின் பள்ளிவாசல்களுக்கும், கிறிஸ்தவர்களின் தேவாலயங்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பன அதன் கருத்து. உலை எங்கே, சுரங்கம் எங்கே என்று தெரியுமுன்னரே நிழல் எங்கே என்று எண்ணியவர் அவர். ஸாக்சி என்னும் சிற்றூரில் எழுந்த அந்நகரம் 1919-இல் அவர் பெயராலேயே ஜாம்ஷெட்பூர் ஆயிற்று.

அவ்வாலையில் 1912-இலேயே எட்டு மணி நேர வேலை முறை ஏற்பட்டது. முந்திய ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலை ஆடவர்க்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணியை அனுமதித்திருந்தது. அமெரிக்காவின் பெரும் எஃகு ஆலைகளிலேயே பன்னிரண்டு மணி நேர முறை 1923 வரை நீடித்தது. உலைத் தீயின் எதிரே எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பவனிடம் உழைப்பு கிடைக்காது, விபத்துத்தான் கிடைக்கும் என்பதை மற்றவர்கள் உணரச் சில ஆண்டுகள் ஆயின. 1915-இல் இலவச மருத்துவ உதவியும், 1920-இல் ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் வைப்பு நிதியும், 1928-இல் பேறுகால உதவியும், 1934-இல் இலாபத்தில் பங்காக போனஸும் தொடர்ந்து வந்தன.

வசதி வேறு, கூலி வேறு

இத்துணைப் புகழுரைக்குப் பின் மறுபக்கத்தையும் சொல்லாது விட்டால் அது வரலாறு ஆகாது. இத்தனை வசதிகள் இருந்த ஜாம்ஷெட்பூரில் 1920-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பண்டங்களின் விலை ஏறிற்று. கூலி அதற்கேற்ப ஏறவில்லை. துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்களும் போயின. 1922-இல் மீண்டும் ஒரு வேலைநிறுத்தம். 1928-இல் ஆட்குறைப்பை ஒட்டி எழுந்த போராட்டம் பல மாதங்கள் நீடித்தது. சுபாஷ் சந்திர போஸ் அதில் ஈடுபட்டார். அகன்ற வீதியும் மர நிழலும் மைதானமும் இருக்கையிலேயே இவை நிகழ்ந்தன.

இதன் பொருள் என்ன? வசதிகள் வீண் என்பதன்று. வசதி கூலிக்கு ஈடாகாது என்பதே. கூலி போதவில்லையென்றால் மைதானம் பசியாற்றாது. கூலி போதும், ஆனால் காற்றில்லாத கொட்டடியில் நிற்க வேண்டும் என்றால், கூலி மட்டும் ஒருவனை நெடுநாள் நிறுத்தி வைக்காது. இவ்விரண்டும் இருந்தும், தன் குறையைச் சொல்ல ஓர் இடம் இல்லையென்றால், மனக்குறை சேர்ந்து ஒருநாள் வாயிலில் வந்து நிற்கும். ஜாம்ஷெட்ஜியின் காலத்தில் முதல் இரண்டையும் பற்றி ஒரு நல்ல முதலாளி சிந்தித்தார். மூன்றாவதற்கு அவர் ஆலையிலும் இடம் இருக்கவில்லை. கூலி விகிதத்தை நிர்வாகம் நிர்ணயிக்கும், தொழிலாளி ஏற்க வேண்டும் என்பதே முறை. 1877-இல் நாகபுரி நெசவாளர்கள் தறியை நிறுத்திக் கேட்டது அந்த மூன்றாவதையும் சேர்த்துத்தான். ஜாம்ஷெட்பூரில் அதற்கு ஒழுங்கான வடிவம் கிடைத்தது 1956-இல். நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஒப்பந்தம் செய்துகொண்டு கலந்தாலோசனைக் குழுக்களை அமைத்தன. தந்தை மக்களுக்குத் தருவதுபோல் மேலிருந்து தந்த நிலை மாறி, இருவர் ஒரு மேசையில் எதிரெதிரே அமர்ந்து பேசும் நிலை வர ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் சென்றன.

இக்குறையால் ஜாம்ஷெட்ஜியின் பெருமை குன்றிவிடாது. தம் காலத்து அதிபர்கள் பலர் ஆட்களைக் கதிரோடும் தறியோடும் சேர்த்து எண்ணியபோது, அவர்களுக்கு மூச்சு உண்டு, முதுமை உண்டு, மனைவி மக்கள் உண்டு என்று எண்ணியவர் அவர். அதை இரக்கமாக மட்டும் எண்ணாமல், தொழிலின் கணக்கிலேயே சேர்த்து எழுதினார். இரக்கம் நல்ல ஆண்டில் இருக்கும், கெட்ட ஆண்டில் மறையும். கணக்கில் ஏறியது நிலைக்கும். அவர் மறைந்தபின்னும் அவர் வகுத்த முறைகள் வளர்ந்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறோம்.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் அதிகாரியும் அலுவலரும் பட்டறைத் தொழிலாளியும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். அவர்களுள் சிலர் நாளை பிறரிடம் வேலை வாங்கும் பொறுப்பில் இருப்பர். பலர் வேலை செய்யும் இடத்தில் இருப்பர். வேலை குறைகிறது என்ற புகார் மேசைக்கு வரும்போது, ஆளின் பெயரைக் குறித்துக்கொள்ளுமுன் அவன் நிற்கும் இடத்தைச் சென்று பார்க்கும் வழக்கத்தை முன்னவர்கள் கைக்கொள்ளலாம். குறையைத் தன் மனத்துக்குள் வைத்துப் புழுங்காமல், சங்கத்தின் வழியாக முறையாக எடுத்துரைக்கும் வழக்கத்தைப் பின்னவர்கள் கைக்கொள்ளலாம். நாகபுரியில் சதுப்பு நிலத்தின்மேல் எழுந்த ஓர் ஆலையின் கதை இரு சாராருக்கும் உரியது.